இடாப்பும் இசைவும்

ஒருவர் ஒரு நற்காரியத்துக்குப் பொருளுதவி செய்கின்றார். உதவியைப் பெற்ற சங்கம் பற்றுச்சீட்டு எழுதும்போது அவருடைய பெயரையும் விலாசத்தையும் பதிவேட்டிற் குறித்துக்கொள்கின்றது. பின்னொரு நாள் அதே சங்கம் அப்பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றி, அவற்றுக்குரிய மின்னஞ்சல் முகவரிகளைத் தேடிச் சேர்த்து, விழா அழைப்பு, நிதி வேண்டுகோள், பிற சங்கங்களின் அறிவித்தல் எனப் பலவற்றையும் அனுப்பத் தொடங்குகின்றது. 'உங்களுக்கு எழுதலாமா?' என்று அவரை எவரும் கேட்டதில்லை. கேட்கவேண்டியது அவசியந்தானா? நற்காரியத்துக்கு உதவியவர் அந்நற்காரியம் பற்றிய செய்தியை விரும்பாதிருப்பாரா?

இவ்வினாக்கள் அற்பமானவை என்றே நானும் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் வெள்ளவத்தையில் இயங்கும் ஒரு தொண்டமைப்பின் பழைய நன்கொடைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. மின்னஞ்சல் முகவரி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது, ஆண்டுதோறும் தவறாது அன்னதானத்துக்குப் பணம் அனுப்பும் ஒரு முதிய அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்து, பின்னர் சொன்னார்: "பிள்ளை, நான் தந்தது அன்னதானத்துக்குக் காசு. என்ரை பேரை ஊரெல்லாம் கொண்டு திரியச் சொல்லித் தரேல்லை." நிர்வாகக் குழுவினர் இதனை முதுமையின் பிடிவாதம் என்று கருதினர். வரலாற்றை ஒரு பாடமாகப் பயிலும் எனக்கு அவ்வாறு கருத முடியவில்லை. அந்த அம்மையாரின் தயக்கத்துக்குப் பின்னே கொழும்புத் தமிழரின் ஒரு முழு வரலாறே உண்டு என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசைவு என்பதன் வரலாற்றை நம் மொழியிலே தேடப் புகின், 'கையொப்பம்' என்னுஞ் சொல் முதலில் எதிர்ப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ் நூல்களை அச்சிட விரும்பிய புலவர்கள், அச்சுச் செலவுக்கு உதவ உடன்பட்டோரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினர். அவ்வாறு உடன்பட்டோர் கையொப்பக்காரர் எனப்பட்டனர். சந்தா செலுத்துதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'கீழே எழுதுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிற் பிறந்ததே. இரு மொழிகளிலும் ஆதரவாளர் என்பவர் தம் கையாலே தம் பெயரை எழுதியவர். எதற்காக எழுதினார் என்பது அத்தாளின் தலைப்பிலேயே இருந்தது. பிறர் ஒருவர் அவர் பெயரை எடுத்து வேறொரு தாளின் கீழே எழுதிவிட்டால் அது கையொப்பமாகாது. அதற்கு வேறு பெயருண்டு.

மறுபுறத்தில், நம்மவர் அறச் செயல்களிலே பெயரை மறைப்பதினும் காட்டுவதிலேயே பெருவிருப்புடையர் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். கோயில் மண்டபத்து மின்விளக்கிலே, வெளிச்சம் வெளிவர இடமில்லாத அளவுக்கு உபயகாரரின் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் காணாதவர் யார்? கும்பாபிஷேக மலர்களின் இறுதிப் பக்கங்கள் அனைத்தும் பெயர்களே. எனினும் அதே பக்கங்களில் ஆங்காங்கே 'ஓர் அன்பர்' என்றும் 'நலன்விரும்பி' என்றும் வரிகள் காணப்படும். பெயரை அச்சிடுவதற்கும் அச்சிடாதிருப்பதற்கும் உரிமை கொடுத்தவரிடமே இருந்தது என்பதற்கு இவ்விரு வழக்கங்களும் ஒருங்கே சான்றாகும். 1897ஆம் ஆண்டு சனவரியில் சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கியதன் நினைவோடு 1902இல் எழுந்து கொட்டாஞ்சேனையில் நிலைபெற்ற விவேகானந்த சபையும், 1942இல் தோன்றி வெள்ளவத்தையில் நிலைபெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இத்தகைய அங்கத்தவரின் ஆதரவிலேயே வளர்ந்தன. அங்கத்துவ இடாப்பு அன்று அலுமாரியினுள் இருந்தது, செயலாளரும் தனாதிகாரியும் அதனைக் கண்டனர், வேறெவரும் கண்டிலர்.

சங்கங்களின் இடாப்பு இவ்வாறிருக்க, அரசின் இடாப்பு வேறொரு வழியில் வளர்ந்தது. இலங்கை முழுவதையும் தழுவிய முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடைபெற்றது. 1911ஆம் ஆண்டு மதிப்பிலே தமிழர் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' எனத் தனித்தனியே எண்ணப்பட்டனர். 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபின், தேருநர் இடாப்பிலே பெயர் பதிதல் குடிமகனுக்குரிய பெருமையாயிற்று. அப்பெருமையின் அருமையை இழந்தபோதே மலையகத் தமிழர் நன்கு உணர்ந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரை இடாப்பினின்றும் அகற்றின. கொட்டாஞ்சேனையிலும் அதனைச் சூழ்ந்த வடகொழும்புத் தெருக்களிலும் இந்திய வம்சாவளியினர் பலர் வாழ்ந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒரு தலைமுறைக்குப் பெயர் இல்லாமை தீங்காயிற்று. அடுத்த தலைமுறைக்குப் பெயர் இருந்தமையே தீங்காயிற்று.

1983ஆம் ஆண்டு யூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நிகழ்ந்த தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் மாலை பொறளைக் கனத்தை மயானத்திலே அவர்களை அடக்கஞ் செய்வதற்குக் கூட்டம் கூடியிருந்தது. அன்றிரவு பொறளையில் மூண்ட வன்செயல் 25ஆம் திகதி கொழும்பெங்கும் பரவிற்று. வெள்ளவத்தையிலே காலி வீதியினின்றும் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் பல. அவ்வொழுங்கைகளில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோர் மதிலோடு மதிலாக வாழ்ந்தனர். வெளியூரிலிருந்து வந்த ஒருவனுக்கு எந்த வீடு எவருடையது என்பது தெரிய வழியில்லை. இருந்தும், வீடுகள் தெரிந்தெடுத்தாற்போலத் தாக்கப்பட்டன. ஒரு வீடு எரிய அடுத்த வீடு தப்பிற்று. தாக்க வந்தோர் பலரது கைகளிலே தேருநர் இடாப்பின் பிரதிகள் இருந்தன என்பது அன்று கண்டோரின் கூற்றுகளிலும் பின்னர் எழுந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ள செய்தியாகும். ஆளுங்கட்சியின் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தோர் இதிற் கொண்ட பங்கு பற்றியும் ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். மாண்டோர் தொகையை அரசாங்கம் சில நூறு என்றது. ஏனையோர் மதிப்பீடுகள் மூவாயிரம் வரை செல்கின்றன.

அந்த இடாப்பு எத்தகைய ஆவணம் என்பதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின் கீழ் அது தயாரிக்கப்பட்டது. பொதுமக்கள் பார்வையிடுதற்குரியது. தமது பெயர் விடுபட்டதா, இறந்தவர் பெயர் இன்னும் இருக்கின்றதா என்பதை எவரும் சரிபார்க்கக் கூடியதாக இருத்தல் நேர்மையான தேர்தலுக்கு இன்றியமையாதது. அதிலே இனத்தைக் குறிக்கும் நிரல் ஏதுமில்லை. ஆனால் வீட்டிலக்கத்தின் ஒழுங்கிலே பெயர்கள் வருகின்றன. நம் நாட்டிலே பெயரே இனத்தைச் சொல்லிவிடும். 'சிவ' என்றோ 'அம்பலம்' என்றோ ஓர் அசை போதும். ஆகவே, எவரும் எந்த இரகசியத்தையும் திருடவேண்டியிருக்கவில்லை. வாக்களிப்பதற்கென மனமுவந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தவனே தன் வாசலுக்கு வழிகாட்டியவனானான்.

வாக்காளர் பதிவு சங்கத்துக்கு அளிக்கும் நன்கொடை போன்றதன்று என்று ஒருவர் கூறலாம். அது மெய்யே. அரசு கேட்கும்போது மறுக்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. சங்கம் கேட்கும்போது உண்டு. எனினும் இரண்டுக்கும் பொதுவான ஒன்றுண்டு. ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட பெயர், கொடுத்தவன் அறியாமல் வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுமாயின், அவன் முன்னர் அளித்த சம்மதம் அந்த இரண்டாம் நோக்கத்தைத் தழுவுமா என்பதே அது. இவ்வினாவுக்கு விடை கூறிய தீர்ப்பொன்று அதே 1983ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலே எழுந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மேற்கு ஜேர்மனியில் அவ்வாண்டு ஏப்ரில் மாதம் குடிசன மதிப்பொன்று நடைபெறவிருந்தது. மக்கள் அளிக்கும் விபரங்களைப் புள்ளிவிபரத்துக்கு மட்டுமன்றி, நகரசபைகளின் வதிவிடப் பதிவேடுகளைத் திருத்துவதற்கும் பயன்படுத்தலாம் எனச் சட்டம் இடமளித்திருந்தது. பெரும் எதிர்ப்பு மூண்டது. ஏப்ரில் 13ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. திசெம்பர் 15ஆம் திகதி வழங்கிய தீர்ப்பிலே, தன்னைப் பற்றிய தகவல் எப்போது, எவ்வெல்லைக்குள் வெளிப்படுதல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அடிப்படையில் அத்தனி மனிதனுக்கே உரியது என நீதிமன்றம் கூறிற்று. அந்நாட்டவருக்கு இந்த அச்சம் புத்தகத்திற் படித்ததன்று. நாசி ஆட்சிக் காலத்திலே அயல்நாடாகிய நெதர்லாந்தின் குடிசனப் பதிவேட்டில் ஒவ்வொருவர் மதமும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 1,40,000 யூதருள் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1943 மார்ச் 27ஆம் திகதி அம்ஸ்ரடாம் நகரிலே எதிர்ப்பியக்கத்தினர் சிலர் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீயிட்டனர். அவர்களுட் பன்னிருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அட்டைகளை எரிப்பதற்காக உயிரைக் கொடுத்தோரும் உளர்.

இவ்விரு 1983களையும் இணைக்கும் ஒரு மனிதர் இருந்தார் என்பதை வாசித்தறிந்தபோது நான் வியப்புற்றேன். போல் சீகாட் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர் 1976இலேயே கணினியும் அந்தரங்கமும் பற்றி நூலொன்று எழுதியவர். பிரித்தானிய அரசாங்கம் அமைத்த தரவுப் பாதுகாப்புக் குழுவில் அவர் அங்கத்தவர். அக்குழு 1978இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதே சீகாட் 1984 சனவரியில் சர்வதேச நீதிவான்கள் ஆணைக்குழுவின் சார்பில் கொழும்புக்கு வந்து, யூலை வன்செயலை ஆராய்ந்து, மார்ச்சு மாதத்தில் அறிக்கை வெளியிட்டார். இது மக்களிடையே தானாக எழுந்த கொந்தளிப்பன்று, முன்கூட்டியே திட்டமிட்டு நடத்தப்பட்டது என்பதே அவர் கண்ட முடிபு. அவ்வாண்டு யூலையிலே பிரித்தானியாவின் முதலாவது தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. இலண்டனிலே கணினிப் பதிவேட்டைப் பற்றிக் கவலைகொண்ட ஒருவர் வெள்ளவத்தை எரிந்ததன் காரணத்தையும் ஆராய நேர்ந்தது தற்செயலே. ஆயினும் இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று என்னால் எண்ண முடியவில்லை.

1983இன் பின்னும் கொழும்புத் தமிழருக்குப் படிவங்கள் ஓயவில்லை. போர்க்காலத்திலே வீட்டிலுள்ளோர் விபரத்தைப் பொலிஸ் நிலையத்தில் பதிந்து, அதன் பிரதியை அடையாள அட்டையோடு சேர்த்துக் காவித்திரிதல் அன்றாட வழக்கமாயிற்று. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜுகளிற் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரினின்றும் வெளியேற்றப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்மீது மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2008 செப்தெம்பர் 21ஆம் திகதி, முந்திய ஐந்தாண்டுகளுள் வடக்கிலிருந்து வந்து கொழும்பில் வாழ்வோர் அனைவரும் பதிய வேண்டுமென்ற அறிவித்தலுக்கிணங்க மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வரிசைகளிலே நின்றோர் இன்று சங்கங்களின் நன்கொடையாளர். சிலர் நம் பெற்றோர்.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். 'கொலைகாரனின் கைப்பட்ட இடாப்புக்கும் திருவிழா அழைப்புக்கும் என்ன சம்பந்தம்?' என்று குழுவிலே ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. இடாப்பே தீது என்பது என் வாதமன்று. 1983இல் அகதி முகாம்களிலே யார் யார் உளர் என்று எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல்களால்தான் பிரிந்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன; 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னும் அவ்வாறே. சங்கம் தன் ஆதரவாளரை அறியாமல் இயங்க முடியாது. அறிந்திருத்தல் வேறு, அறிந்ததை விரும்பியவாறெல்லாம் பயன்படுத்தல் வேறு. மின்னஞ்சலிலே இவ்வேறுபாடு மிக எளிதில் அழிந்துவிடுகின்றது. அலுமாரியிலிருந்த பதிவேட்டை ஒருவன் தூக்கிச் செல்ல வேண்டும். கணினியிலுள்ளதை ஒரு விரலசைவிலே நூறு பேருக்கு அனுப்பலாம். எல்லா முகவரிகளும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரே மடலை அனுப்பிவிட்டு, பின்னர் மன்னிப்பு மடலையும் அவ்வாறே அனுப்பிய சங்கங்களை நாமறிவோம்.

நல்ல நோக்கம் போதிய காவலாகாது என்பதற்குப் பிரித்தானியா ஓர் உதாரணம் தருகின்றது. 2015இல் பிரிஸ்டல் நகரிலே 92 வயதான ஒரு மூதாட்டி இறந்தார். வாழ்நாள் முழுவதும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவியவர். விசாரித்தபோது 99 தொண்டு நிறுவனங்களிடம் அவர் பெயர் இருந்ததும், அவற்றுட் பத்தில் ஏழு அதனைப் பிறரிடமிருந்து பெற்றிருந்ததும் வெளிப்பட்டன. அவரது மரணத்துக்கு அக்கடிதங்கள் காரணமல்ல என்று குடும்பத்தார் தெளிவாகக் கூறினர். எனினும் நாடு அதிர்ந்தது. நிதிசேகரிப்பை ஒழுங்குபடுத்தும் புதிய அமைப்பொன்று 2016இல் உருவாயிற்று. அந்நாட்டு உயிர்காப்புப் படகுச் சங்கம், இசைவு தெரிவித்தோருக்கு மட்டுமே இனி எழுதுவதென முடிவுசெய்து 2017 முதல் அதனைக் கைக்கொண்டது. ஐந்தாண்டுகளில் மூன்றரைக் கோடி பவுணுக்கு மேல் வருமானம் குன்றும் என அச்சங்கமே கணக்கிட்டிருந்தும் பின்வாங்கவில்லை. எதிர்பார்த்ததினும் அதிகமானோர் இசைவளித்தனர். ஆனால் இவ்வரலாறு நேர்கோட்டிற் செல்வதன்று. 2003ஆம் ஆண்டு விதிகளின்படி, முன்பு பொருள் வாங்கியவருக்கு அவர் மறுக்காதவரை மின்னஞ்சல் அனுப்பும் சலுகை வணிகருக்கு இருந்தது, தொண்டு நிறுவனங்களுக்கு இருக்கவில்லை. 2025ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதனைத் தொண்டு நிறுவனங்களுக்கும் விரிவாக்கியுள்ளது. நிறுவனங்கள் இதனை வரவேற்றன. இலண்டனில் நம்மவர் நடத்தும் சங்கங்களும் வரவேற்றிருக்கும். என்னைக் கேட்டால், இது பின்னோக்கிய அடி. மறுக்காமை இசைவாகாது, மறுப்பதற்கே அஞ்சிய மக்களிடையே அது சிறிதும் ஆகாது.

நம் நாட்டிலே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மார்ச்சு 19ஆம் திகதி சான்றுரைப்படுத்தப்பட்டது. இசைவு என்பது சுதந்திரமாகவும், குறித்த நோக்கத்துக்கெனவும், விளக்கமறிந்தும், ஐயத்துக்கிடமின்றியும் அளிக்கப்படல் வேண்டும் என அது வரையறுக்கின்றது. செய்தி அனுப்புதலுக்கெனத் தனியான பகுதியே அதில் உண்டு; பெறுபவரின் இசைவு வேண்டும், வேண்டாமென்று கட்டணமின்றி விலகும் வழியும் ஒவ்வொரு முறையும் காட்டப்படல் வேண்டும். சட்டத்தின் பெரும்பகுதி 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பின்தள்ளப்பட்டது. அவ்வாண்டிலேயே திருத்தச் சட்டமும் வந்தது. சட்டம் வரும்வரை சங்கங்கள் காத்திருக்க வேண்டுமென்ற கட்டாயம் எதுவுமில்லை. கேட்பதற்கு எவருடைய வர்த்தமானி அறிவித்தலும் தேவையில்லையே.

நான் வேலை செய்த அமைப்பிலே இரண்டு கூட்டங்களில் விவாதம் நடந்தது. கேட்டால் பாதிப் பேர் பதில் தரமாட்டார்கள் என்ற அச்சமே பெரிதாயிருந்தது. ஈற்றில், இனி அச்சிடும் பற்றுச்சீட்டுகளிலே 'எமது செய்திகளை மின்னஞ்சலில் அனுப்பலாம்' என்ற வரியும் அதனருகே வெறுமையான ஒரு பெட்டியும் சேர்ப்பதென்றும், முன்னரே பதிவேட்டில் உள்ளோரை ஒவ்வொருவராகத் தொலைபேசியிற் கேட்பதென்றும் தீர்மானித்தனர். அவ்வேலையும் என்னிடமே வந்தது. பெரும்பாலோர் தயக்கமின்றி ஆமென்றனர். சிலர் இத்தனை காலத்துக்குப் பின் ஒருவர் கேட்டாரே என்று சிரித்தனர். அன்னதானத்துக்கு உதவும் அம்மையாரை இறுதியாக அழைத்தேன். மின்னஞ்சல் வேண்டாமென்றார். ஆண்டறிக்கையைத் தபாலிலே அனுப்பச் சொன்னார். உறையின்மேற் சங்கத்தின் பெயர் இல்லாமல்.